பக்கத்துல என்ன இருக்கு?

ஒரு வேன் ஓட்டுநர் என்னிடம் கேட்ட கேள்வி இன்னும் என்னை விடவில்லை. சென்னையிலிருந்து வந்த நண்பர்கள் நான்கைந்து பேர், கொற்கையைப் பார்த்தே தீருவது என்று தூத்துக்குடியில் வண்டி பிடித்துப் போனார்கள். எனக்கு அன்று காய்ச்சல், கூடப் போகவில்லை. ஒரு மணி நேரம் கழித்து ஓட்டுநர் கூப்பிட்டார். "அண்ணாச்சி, போன் மேப்பு எங்கள வாழத் தோட்டத்துக்குள்ள கொண்டாந்து நிறுத்திட்டு. நீங்க சொல்லுத எடத்துக்குப் பக்கத்துல என்ன இருக்கு?" யோசிக்காமல், "பாண்டியர் துறைமுகம் இருந்த இடம்" என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை. என்ஜின் உறுமுவது மட்டும் கேட்டது. "அது சரி அண்ணாச்சி. இப்ப என்ன இருக்கு? ரேஷன் கட, பஸ் ஸ்டாப்பு, டவரு, எதாச்சும் சொல்லுங்க." ஆறேழு முறை போய்வந்த ஊர். அதைப் பற்றி இரண்டு கூட்டங்களில் பேசியிருக்கிறேன். ஆனால் அங்கே ரேஷன் கடை எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரியவில்லை. "ஒரு வன்னி மரம் இருக்கும், ரொம்பப் பழசு" என்று இழுத்தேன். "இங்கின எங்க பாத்தாலும் மரமாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். பிறகு அவர்களே யாரையோ கேட்டுக்கொண்டு போய்ச் சேர்ந்தார்கள், பார்த்தார்கள், திரும்பினார்கள். "ஒண்ணுமே இல்லையே சார்" என்று ஒரு நண்பர் சொன்னார். அந்த 'ஒண்ணுமே'க்குள் ஒரு கண்மாய் அளவு குளம், இரண்டு கோயில்கள், வயல், வாழை, வீடுகள், மனிதர்கள் எல்லாம் அடக்கம். அவர் மேல் கோபப்பட எனக்குத் தகுதியில்லை. ஓட்டுநரிடம் நானும் அதையேதான் சொல்லியிருந்தேன்.

அடையாளம் என்ற சொல்லையே அன்றிலிருந்து உருட்டிக்கொண்டிருக்கிறேன். பள்ளிச் சான்றிதழில் 'அங்க அடையாளம்' என்று ஒரு வரி இருக்கும். வலது முழங்கையில் மச்சம், இடது புருவத்தில் தழும்பு. ஆளைக் கண்டுபிடிக்க உதவும் குறி அது. ஆளே தன் மச்சத்தைப் பார்த்துத் தன்னை அறிந்துகொள்வதில்லை. ஊருக்கும் அப்படித்தான். உள்ளூர்க்காரனுக்கு அடையாளம் வேண்டாம், இருட்டில் நடந்துபோய்த் தன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துவிடுவான். அடையாளம் கேட்பவன் வெளியிலிருந்து வருகிறவன். விண்ணப்பப் படிவங்களில் கதவு எண், தெரு, கிராமம், வட்டம் என்று கட்டம் கட்டமாக இருக்கிறது. இந்தப் பக்கத்துச் சிற்றூர்களுக்குத் தெருப் பெயர் என்று ஒன்று எழுதினால் தபால்காரருக்கே சிரிப்பு வரும். மேலத் தெரு, கீழத் தெரு, அம்மன் கோயில் தெரு, அவ்வளவுதான். ஊர்ப் பெயருக்குப் பிறகு 'ஏரல் வழி' என்று எழுதினால் கடிதம் வந்துவிடும். ஓர் ஊர் தன் பெயரால் போதாமல் பக்கத்து ஊரின் தோளில் கைபோட்டுக்கொண்டு நிற்பதற்கு இந்த 'வழி' என்ற இரண்டெழுத்து போதும். தாய்க் கிராமம், உட்கடை என்று வருவாய்த் துறைக்காரர்கள் வைத்திருக்கும் பெயர்களும் எனக்குப் பிடிக்கும். உட்கடை என்றால் தாய்க் கிராமத்துக்குள் அடங்கிய சின்னக் குடியிருப்பு. கணக்கில் தாயின் பெயர் வரும், பிள்ளையின் பெயர் அடைப்புக்குறிக்குள் வந்தாலும் வரும், வராமலும் போகும். கிரேக்கர்கள் கேட்டறிந்து எழுதிவைத்த ஒரு பெயர் இன்று 'வழி' போட்டால்தான் கடிதம் பெறுகிறது. இதைப் பெருமூச்சோடு எழுதத்தான் கை போகிறது. ஆனால் அந்தப் பெருமூச்சு யாருடையது என்பதில்தான் என் சந்தேகம்.

போகிற வழியைச் சொல்லிப் பார்க்கிறேன், எனக்கே நினைவுபடுத்திக்கொள்ள. தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர்ச் சாலையில் தெற்கே இறங்கினால் உரத் தொழிற்சாலையின் ஸ்பிக் நகர், முள்ளக்காடு, அப்புறம் இரண்டு பக்கமும் உப்பளம். பாத்திகளில் தண்ணீர் வெயிலைத் திருப்பி முகத்தில் அடிக்கும். உப்பு அம்பாரங்களின் மேல் ஓலை வேய்ந்திருப்பார்கள், தூரத்திலிருந்து பார்த்தால் வெள்ளைக் குடிசைகள் வரிசையாக நிற்பதுபோல இருக்கும். உதட்டை நாக்கால் தடவினால் கரிக்கும். பழையகாயல் வருகிறது. அணுசக்தித் துறையின் ஜிர்கோனியம் வளாகம் இங்கேதான் இருக்கிறது. பழைய துறைமுகத்தின் பெயரைத் தாங்கிய ஊரில் அணு உலைக்கு வேண்டிய உலோகம் செய்கிறார்கள். தாண்டினால் முக்காணி. ஆற்றுப் பாலத்தைக் கடந்தால் வெற்றிலைக்குப் பேர்போன ஆத்தூர். பாலம் ஏறாமல் முக்காணியிலேயே மேற்கே திரும்பி, தாமிரபரணியின் வடகரையோடு ஏரல் சாலையில் போக வேண்டும். திரும்பிய சற்று நேரத்தில் காற்று மாறிவிடும். உப்புக் காற்று போய் வாழைத்தண்டின் ஈர வாசம், சேற்று வாசம். உமரிக்காடு என்று ஓர் ஊர் வரும். உமரி உப்பு மண்ணில் மட்டுமே பிடித்து வளரும் செடி, காயலோரத்தில் சிவப்பும் பச்சையுமாகத் தரையோடு படர்ந்து கிடக்கும், கடித்தால் தண்டுக்குள் உப்புத் தண்ணீர். உமரிக்காட்டில் இன்று வாழைதான் காடாக நிற்கிறது. பெயரை வைத்து நான் போடும் கணக்கு இது, ஆய்வு ஒன்றுமில்லை: இந்த ஊருக்குப் பெயர் வைத்தவன் கண்முன்னே உவர் நிலம் கிடந்திருக்க வேண்டும். செடி போய்விட்டது, பெயர் மட்டும் பழைய கரையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. இந்தப் பகுதியில் நிலத்தைப் படிக்க வேண்டுமானால் மண்ணை விட ஊர்ப்பெயர்களை நோண்டுவது லாபம். பழையகாயல், புன்னைக்காயல், மஞ்சள்நீர்க்காயல், காயல்பட்டினம் என்று எத்தனை காயல்! கடலும் ஆறும் கலந்து தேங்கும் நீருக்குக் காயல் என்று பெயர். அது தேங்கிய இடத்திலெல்லாம் ஒரு ஊரை விட்டுவிட்டு நகர்ந்திருக்கிறது.

கொற்கையில் முதலில் கண்ணில் படுவது குளம். ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டிலிருந்து பிரியும் வடகால் பாசனத்தில் வருகிற குளங்களில் ஒன்று. தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளில் ஸ்ரீவைகுண்டம்தான் கடைசி. அதாவது, மேலே எல்லோரும் குடித்து, குளித்து, பாய்ச்சி மிச்சம் விட்ட தண்ணீர்தான் இங்கே வந்து நிற்கிறது. கரை மேல் நின்றால் கிழக்கே அடிவானம் வரை பச்சை. பனைகள் ஆங்காங்கே தலைவிரித்து நிற்கும். முதல் முறை போனபோது நான் கரையில் ஏறி நின்று கடலைத் தேடினேன். கடல் இல்லை என்று தெரிந்துதான் போயிருந்தேன். ஆனாலும் கண் தேடியது. ஆறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கும் கடல் எப்படித் தெரியும்? காது வேறு வேலை பார்த்தது. வாழையிலைகள் காற்றில் கிழிபடும் சத்தத்தை அலைச்சத்தமாக எடுத்துக்கொண்டது. இப்படி இல்லாததைக் கேட்பதற்குத்தான் நான் படித்த படிப்பு எனக்குப் பயன்பட்டது. அப்போது குளத்துக்குள் ஒருவர் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று எருமை குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். எருமையின் காதுக்குள் கைவிட்டுக் கழுவினார், அது தலையை ஆட்டித் தண்ணீரை அவர் முகத்திலேயே தெறித்தது. என் குறிப்பேட்டில் அன்றைய தேதியின் கீழ் 'துறைமுகம், கி.மு.' என்றெல்லாம் இருக்கிறது. எருமை இல்லை.

வன்னி மரத்துக்கு 2000 வயது என்கிறார்கள். எனக்கு நம்பிக்கையில்லை. மரத்தின் வயதைச் சொல்ல உள்ளே வளையம் எண்ண வேண்டும், இதன் உள்ளே எண்ணுவதற்கு ஒன்றுமில்லை. நடுவயிறு கூடாகிக் கிடக்கிறது. அடிமரம் நேராக நிற்கவில்லை. முறுக்கிப் பிழிந்த ஈரத்துணி அப்படியே காய்ந்துபோனதுபோல வளைந்து நெளிந்திருக்கிறது. பட்டை விரலால் தொட்டால் சொரசொரவென்று, வெடிப்புக்குள் எறும்புகள் ஏறி இறங்குகின்றன. எங்கோ ஒரு மூலையிலிருந்து மட்டும் புதுக் கிளை விட்டு, சின்னஞ்சிறு இலைகளைத் தூவிக்கொண்டிருக்கிறது. இரண்டாயிரம் என்பது ஊர்க்காரர்கள் மரத்துக்குக் கொடுத்த வயது என்பதை விட, வந்து போகிறவர்களுக்குக் கொடுத்த பதில் என்றே தோன்றுகிறது. 'பழைய ஊர் என்கிறீர்களே, பழசு எங்கே?' என்று ஆள் ஆளாக வந்து கேட்டால் எதையாவது காட்டத்தானே வேண்டும். கட்டடம் இல்லை, கோட்டை இல்லை, கலங்கரை விளக்கம் இல்லை. இருப்பவற்றுள் வயதானது இந்த மரம், அதன் மேல் முழுப் பாரத்தையும் ஏற்றிவிட்டார்கள். அது வளைந்து கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று வேடிக்கையாக நினைத்துக்கொண்டேன். எத்தனை வயது என்று ஒரு ஆச்சியிடம் கேட்டேன். "நான் வாக்கப்பட்டு வரும்போதே இப்படித்தான் கெடந்துது" என்றார். என் வரையில் அதுதான் நம்பத்தக்க கணக்கு.

பக்கத்திலேயே அக்கசாலை என்று ஒரு குடியிருப்பு. நான் மேலே சொன்ன உட்கடை வகை. அக்கசாலை என்றால் பொன் வேலை செய்யும் இடம், நாணயம் அடிக்கும் பட்டறை. அங்கே உள்ள சிவன் கோயிலுக்கு அக்கசாலை ஈஸ்வரமுடையார் கோயில் என்று பெயர். பட்டறை எங்கே இருந்தது, எத்தனை உலைகள் எரிந்தன, எதுவும் நிலத்தின் மேல் தெரியாது. சாமிக்கும் ஊருக்கும் தொழிலின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கொற்கைக் குளத்தை ஒட்டி இன்னொரு கோயில், வெற்றிவேல் அம்மன் கோயில். செழிய நங்கை என்றும் சொல்வார்கள், கண்ணகிதான் அவள் என்று ஒரு பேச்சும் உண்டு. சிலப்பதிகாரத்தில் கொற்கையிலிருந்த வெற்றிவேல் செழியன், கண்ணகியின் சினம் தணிய ஆயிரம் பொற்கொல்லர்களைப் பலியிட்டான் என்று வருகிறது. ஒரு தட்டான் செய்த வஞ்சனைக்கு ஆயிரம் தட்டார்கள். இந்த இரண்டு கோயில்களுக்கும் நடுவே இருக்கும் தூரத்தை நடந்து கடக்கலாம். ஒன்று தட்டார்கள் பொன்னுருக்கிய இடத்தின் பெயரைச் சுமக்கிறது, இன்னொன்று அவர்களைக் கொன்றவன் பெயரை. காப்பியக் கதையை வரலாறாக எடுத்துக்கொள்கிறவன் இல்லை நான். ஆனால் மத்தியான வெயிலில் அந்தப் பாதையில் நடந்தபோது, யாரும் யாருக்கும் எதையும் ஞாபகப்படுத்தாமல் இரண்டு பெயர்களும் அடுத்தடுத்து வாழ்ந்துகொண்டிருப்பது எனக்குக் கொஞ்சம் திகிலாக இருந்தது. கோயில் வாசலில் வேட்டி காயப்போட்டிருந்தார்கள்.

கடல் எப்போது போனது? நாள் குறிக்க முடியாத விஷயம் இது, ஒரு நாளில் நடந்ததும் இல்லை. பொதிகையில் பிறந்து சுமார் 125 கிலோமீட்டர் ஓடும் ஒரு சின்ன ஆறு, ஆண்டுதோறும் மழைக்காலத்தில் வண்டலைக் கொண்டுவந்து வாசலில் கொட்டிக் கொட்டி வாசலையே தள்ளிவைத்துவிட்டது. கி.பி. முதல் நூற்றாண்டின் பெரிப்ளஸ் நூலில் கொல்கோய் என்று கொற்கை வருகிறது. முத்துக் குளித்தவர்கள் தண்டனை பெற்ற கைதிகள் என்றும் அந்த நூல் சொல்கிறது. நம் மேடைகளில் கொற்கை முத்து உரோமாபுரிக்குப் போன கதை அடிக்கடி வரும், கைதிகள் வருவதில்லை. இரண்டாம் நூற்றாண்டில் தாலமியும் இந்தப் பெயரைக் குறிக்கிறார். பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ வந்தபோது துறைமுகம் கொற்கையில் இல்லை, காயலில் இருந்தது. அரபு நாட்டுக் குதிரைகள் அங்கே வந்திறங்கின. அந்தக் காயல் இன்றைய பழையகாயல்தான் என்று கால்டுவெல் நிறுவினார். கொற்கையிலும் காயலிலும் அவரே குழி தோண்டிப் பார்த்தவர், 1881இல் வெளிவந்த அவருடைய திருநெல்வேலி வரலாற்றில் இந்த ஊர்களைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார். பிறகு பழையகாயலையும் கடல் கைவிட்டது. போர்த்துகீசியர் காலத்தில் ஆற்று முகத்தில் புன்னைக்காயல் எழுந்தது, அப்புறம் தூத்துக்குடி. ஒரே துறைமுகம் பெயரையும் இடத்தையும் மாற்றி மாற்றிக் கடலைத் துரத்திக்கொண்டு ஓடியதாக இதைச் சொல்வது வழக்கம். நானே அப்படிப் பேசியிருக்கிறேன். இப்போது அந்தச் சொல்லில் ஒரு பொய் இருப்பதாகப் படுகிறது. துறைமுகம் ஓடியது சரி, ஊர் ஓடவில்லையே. கப்பல்காரனும் தரகனும் மூட்டை கட்டிக்கொண்டு போன பிறகு, கிளம்பாதவர்கள் இருந்தார்கள். வண்டல் படிந்த மண்ணில் நெல் போட்டார்கள். அவர்களுக்குக் கடல் போனது இழப்பா, வயல் வந்தது வரவா? அதே ஆச்சியிடம் கடல் பற்றிக் கேட்டபோது அவர் சொன்னது: "கடலு கெழக்க போயிட்டுல்லா. கெணறு தோண்டுனா இன்னும் சிப்பி வரும். ஆனா தண்ணி இனிப்பு." குரலில் சோகம் எதுவும் இல்லை. இனிப்பு என்று சொன்னபோது கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

கடலிலிருந்து பார்க்கிறவனுக்குத்தான் கரையடையாளம் உயிர் போகிற விஷயம். மன்னார் வளைகுடாவில் முத்துச் சிப்பி வாழும் இடங்களைப் பார் என்பார்கள். தொல்லாயிரம் பார், குடாமுத்துப் பார் என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. பெரும்பாலும் 12 முதல் 25 மீட்டர் ஆழத்தில், கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும் கல் தரை. மேலே எங்கும் ஒரே தண்ணீர், அதில் பார் இருக்கும் இடத்துக்குத் திரும்பத் திரும்ப எப்படிப் போவது? கரையில் இரண்டு பொருள்களை எடுத்துக்கொள்வார்கள். முன்னால் ஒரு கோயில் கோபுரமோ மாதா கோயில் உச்சியோ, பின்னால் ஒரு பனங்கூட்டமோ மணல் மேடோ. இரண்டும் ஒரே கோட்டில் வருகிற வரை படகைச் செலுத்த வேண்டும். வேறு திசையில் இதேபோல இன்னொரு ஜோடி. இரண்டு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் இடத்துக்கு நேர் கீழே பார். குமரிக் கரையில் இதைக் கணிச்சம் என்பார்கள். இதில் என்னைப் பிடித்தது, எந்தப் பொருளும் தனியாக அடையாளமாகாது என்பதுதான். ஒன்றின் பின்னால் ஒன்று வந்து பொருந்தினால்தான் இடம் கிடைக்கும். மணப்பாட்டு மணல் குன்றின் மேல் 1581இல் எழுப்பிய சிலுவைக் கோயிலும், தூத்துக்குடிப் பனிமய மாதா கோயிலும் கும்பிடுகிறவர்களுக்கு எப்படியோ, படகுக்காரனுக்கு வழிகாட்டியும்கூட. கொற்கையின் வன்னியும் கோபுரமும் எந்தக் காலத்திலாவது யாருடைய கோட்டிலாவது வந்து பொருந்தியிருக்குமா என்று கேட்டுக்கொண்டேன். பொருந்தியிருந்தாலும் அந்தக் கோடு இன்று வாழைத் தோப்பிலும் உப்பளத்திலும் முட்டி நின்றுவிடும். முத்துக்குளிப்பும் முடிந்துபோன கதை. தூத்துக்குடியில் கடைசியாகக் குளித்தது 1961இல். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1973இல் வேப்பலோடையில் சிப்பிக்குள் மணியை வைத்து முத்து வளர்த்துக் காட்டினார்கள் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார். பார்கள் இன்றும் இடம் மாறாமல் கிடக்கின்றன. அவற்றுக்குக் கோடு பார்த்த கண்கள்தான் குறைந்துகொண்டு வருகின்றன, படகில் ஜிபிஎஸ் இருக்கிறது.

தோண்டியவர்கள் கதையும் இதில் சேர்த்திதான். 1968-69இல் தமிழ்நாடு தொல்லியல் துறை இங்கே அகழ்ந்தது. கிடைத்த கரியைச் சோதித்ததில் ஒரு காலம் கி.மு. 785 என்று வந்தது. செங்கல் கட்டுமானம், உறைகிணறுகள், கறுப்பு-சிவப்புப் பானை ஓடுகள், எழுத்துப் பொறித்த ஓடுகள், சங்கு, சிப்பி. 2021இல் மறுபடியும் தோண்டினார்கள், ஆதிச்சநல்லூர், சிவகளையோடு சேர்த்து. சுடுமண் குழாய் ஒன்று ஒன்பது அடுக்காக நின்றது பத்திரிகையில் படமாக வந்தது. நான் போய்ப் பார்த்தபோது குழிகள் சதுரம் சதுரமாக, சுவரில் மண்ணடுக்குகள் கேக் வெட்டியதுபோலத் தெரிந்தன. ஒவ்வொரு அடுக்கிலும் சின்னச் சீட்டு குத்தியிருந்தார்கள். கீழே ஒரு பெண் மட்டையாலான துடைப்பத்தால் மண்ணைத் தள்ளிக்கொண்டிருந்தார், பக்கத்து ஊர்க்காரர், தினக்கூலி. ஓட்டுத் துண்டு ஒன்று தட்டுப்பட்டால் கை நின்றுவிடும். ஓசையை வைத்தே கல்லா ஓடா என்று சொல்லிவிடுவாராம். இரண்டாயிரம் வருஷத்துச் செங்கல்லை முதலில் தொட்டவர் அவர்தான். அறிக்கைகளில் இப்படிப்பட்ட கைகளுக்கு இடமிருக்காது. வேலை முடிந்ததும் குழியை மூடிவிடுவது முறை, மூடவும்தான் வேண்டும், திறந்து போட்டால் மழையில் கரைந்துவிடும். எடுத்த பொருள் அருங்காட்சியகத்துக்குப் போகிறது, எண் போகிறது புத்தகத்துக்கு, ஊரில் மறுபடியும் சமதளம். அடுத்த மாதம் வருகிற நண்பர் "ஒண்ணுமே இல்லையே" என்கிறார்.

பெயரும் இப்போது ஊரில் மட்டும் இல்லை. ஜோ டி குரூஸின் கொற்கை நாவல் 2009இல் வந்தது, 2013இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. ஆயிரம் பக்கத்துக்கு மேல் போகும் அந்த நாவலின் களம் தூத்துக்குடி. அதில் பிழை ஒன்றுமில்லை, துறைமுகத்தோடு பெயரும் போகலாம் என்பது நாவலாசிரியனின் உரிமை, கடலோர மக்களின் நினைவில் அது ஒரே தொடர்ச்சி. ஆனால் பெயர் கிழக்கே போய்விட்ட பிறகு இங்கே மிச்சமிருப்பதை எப்படிக் கூப்பிடுவது? 'பழைய கொற்கை' என்றால் இன்றைக்கு அங்கே பிறந்த குழந்தையையும் பழசாக்கிவிடுவோம். எங்கள் ஊரில் அனல் மின் நிலையப் புகைபோக்கிகள் இரவில் சிவப்பு விளக்கோடு வெகுதூரம் தெரியும். மேற்கேயிருந்து பேருந்தில் தூங்கி வழிந்து வருகிறவர்கள் அதைப் பார்த்துத்தான் செருப்பைத் தேடுவார்கள். அவற்றையும் ஒருநாள் யாரோ தோண்டி, இன்னதென்று தெரியாமல் வழிபாட்டுத் தூண் என்று எழுதிவைக்கலாம்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையைச் சொல்லாமல் தாண்ட முடியவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர். தாமிரபரணி கரை மீறியது, குளங்கள் உடைந்தன, ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் ரயில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுபோனது. ஏரல் வட்டாரம் சில நாட்களுக்குத் துண்டாகிக் கிடந்தது. ஹெலிகாப்டரில் உணவுப் பொட்டலம் போட்டார்கள். அந்தக் காட்சிகளைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். மேலிருந்து பார்க்கும்போது எங்கும் ஒரே செந்நிறத் தண்ணீர், சாலை இல்லை, வரப்பு இல்லை. கோபுரம், செல்போன் டவர், மாடி வீட்டுத் தண்ணீர்த் தொட்டி, பனந்தலைகள் மட்டும் வெளியே. எனக்குள் ஒரு வாசகம் தானாக வந்து உட்கார்ந்தது: கடல் கொற்கைக்குத் திரும்பிவிட்டது. நல்ல வாசகம், பத்திரிகைக்கு உடனே அனுப்பியிருக்கலாம். அடுத்த நொடியே வெட்கமாகிவிட்டது. வந்தது கடல் இல்லை, மலையிலிருந்து இறங்கிய ஆறு. தண்ணீருக்குள் நின்ற வாழை அத்தனையும் அழுகப் போகிறது. மாடி இல்லாத வீட்டுக்காரர்கள் எங்கே ஏறி நிற்கிறார்கள் என்று தெரியாது. அந்த நேரத்திலும் எனக்கு வேண்டியது இரண்டாயிரம் வருஷத்துத் துறைமுகம்தான் என்றால், ஓட்டுநரிடம் நான் சொன்ன பதில் வாய்தவறி வந்ததில்லை. அப்படிப் பார்க்கவே என் கண் பழகியிருக்கிறது. தண்ணீருக்குள் மாட்டிக்கொண்டவர்கள் உதவிக்குப் போனில் இடம் சொன்னபோது பாண்டியர்களைச் சொல்லியிருக்க மாட்டார்கள். ஸ்கூலுக்குப் பொறத்தால, மடைக்கு மேக்க, டவருக்குக் கீழ்ப்புறம் மூணாவது வீடு என்று சொல்லியிருப்பார்கள். படகுக்காரர் பார் தேடுவதுபோல, ஒன்றின் பின்னால் ஒன்றைப் பொருத்தித்தான் அவர்களைக் கண்டுபிடிக்க முடிந்திருக்கும்.

வெள்ளம் வடிந்து சில மாதங்கள் கழித்து ஒரு முறை போனேன். குளக்கரையில் மண் மூட்டைகள் அடுக்கியிருந்தார்கள், சாக்கு கிழிந்து அதற்குள்ளிருந்து புல் முளைத்திருந்தது. வாழைக்கன்று புதிதாக நட்டிருந்தார்கள், ஒவ்வொன்றும் முழங்கால் உயரம். இந்த முறை குறிப்பேட்டை எடுக்கவில்லை. மடை எந்தப் பக்கம், தண்ணீர்த் தொட்டி எந்தப் பக்கம், டீக்கடையிலிருந்து பள்ளிக்கூடம் எத்தனை எட்டு என்று சும்மா நடந்து பார்த்தேன். ஒரு பையன் சைக்கிளை நிறுத்தி, "என்ன தேடுதிய?" என்று கேட்டான். ரேஷன் கடை என்றேன். "இன்னிக்கு லீவு" என்று சொல்லிவிட்டு, எதிர்த் திசையில் கையைக் காட்டிவிட்டுப் போனான்.

கொற்கைக்குப் போக நினைப்பவர்கள் ஏரலிலோ உமரிக்காட்டிலோ வண்டியை நிறுத்தி வழி கேளுங்கள். துறைமுகம் எங்கே என்று கேட்காதீர்கள். குளம் எங்கே என்று கேட்டால் யாரும் சொல்வார்கள். போன கையோடு வன்னி மரத்தில் பெயர் செதுக்கிவிட்டு வர வேண்டாம், ஏற்கெனவே நிறையப் பேர் செதுக்கியிருக்கிறார்கள்.